கை படாமல் திறக்கும் குழாய்: வாங்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

32 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்த்தேன். அங்கே கழுவிய கையால் குழாயைத் தொடக் கூடாது. விரல் நுனி மேலே இருக்க, தண்ணீர் முழங்கை வழியாக வடிய வேண்டும். முழங்கையால் தள்ளும் நீளப் பிடி, காலால் மிதிக்கும் பெடல், கை நீட்டினால் திறக்கும் சென்சார் என்று மூன்று விதக் குழாயோடும் எனக்குப் பழக்கம் உண்டு. அப்படியிருந்தும் சொந்த வீட்டுக்கு வாங்கிய முதல் சென்சார் குழாய் சரிப்படவில்லை.

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய். வலது கை நடுங்கும். குழாயைத் திறந்துவிடுவார், மூடும்போது பாதியில் கை நழுவிவிடும், இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். குளியலறையையும் சமையலறையையும் இடித்துப் புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்தபோது முதலில் எழுதி வைத்ததே குழாய்தான். வாங்கி வந்து பொருத்தினோம். கையை நீட்டியதும் உள்ளே ‘டிக்’ என்று சத்தம் கேட்டது. தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. கடையில் சென்சார் கோளாறு என்று சொல்லி வேறு கொடுத்தார்கள். அதுவும் அப்படியேதான். கடைசியில் பார்த்தால் சென்சாரில் ஒரு குறையும் இல்லை. எங்கள் குழாயில் தண்ணீரின் அழுத்தம் போதவில்லை.

அழுத்தத்தை முதலில் பாருங்கள்

சென்சார் குழாய்க்குள் சொலினாய்டு வால்வு என்று ஒன்று இருக்கும். அதன் நடுவே ஒரு ரப்பர் சவ்வு, அந்தச் சவ்வில் ஊசித்துளை அளவுக்கு ஒரு ஓட்டை. மின்சாரம் அந்தச் சவ்வை நேரடியாகத் தூக்குவதில்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன வழி ஒன்றைத் திறந்து மூடுவதோடு அதன் வேலை முடிந்தது. சவ்வைத் தூக்குவதும் திரும்ப அழுத்தி மூடுவதும் தண்ணீரின் சொந்த அழுத்தம். நாலு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுவதற்குக் காரணமும் இதுதான். ஆனால் அழுத்தம் குறைந்தால் சவ்வு முழுதாகத் திறக்காது, மூடும்போதும் சரியாக உட்காராது. பெரும்பாலான சென்சார் குழாய்களின் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் என்று போட்டிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

உங்கள் வீட்டில் எவ்வளவு என்று கணக்குப் போடுவது எளிது. மேலே உள்ள தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வருகிறது என்றால், 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார். குழாயின் வாயிலிருந்து தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 3.5 மீட்டர், அதாவது 0.35 பார். தொட்டி காலியாக ஆக அது இன்னும் இறங்கும். பம்பு வழியாகவோ பொதுக் குழாயிலிருந்து நேராகவோ வருகிறது என்றால் பிளம்பரிடம் ஒரு பிரஷர் கேஜ் கொண்டுவரச் சொல்லுங்கள். அளக்கும்போது வீட்டில் இன்னொரு குழாயும் திறந்திருக்கட்டும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அளந்தால் கிடைக்கும் எண் உங்களை ஏமாற்றிவிடும்.

அழுத்தம் போதாவிட்டால் மூன்று வழிகள் உண்டு. அந்த லைனுக்கு ஒரு பிரஷர் பம்பு போடலாம், நாங்கள் அதைத்தான் செய்தோம். சின்ன மோட்டார் வைத்துத் திருகித் திறக்கும் வால்வு உள்ள மாடலைத் தேடலாம், அதற்குத் தண்ணீரின் உதவி தேவையில்லை. இல்லையென்றால் அந்த இடத்தில் சென்சாரையே விட்டுவிட்டு, முழங்கையால் தள்ளும் நீளப் பிடிக்குப் போகலாம். மூன்றாவது வழியைக் குறைவாக நினைக்காதீர்கள். தியேட்டரில் அந்தப் பிடியை வருடக்கணக்கில் பார்த்தவள் நான், அது பழுதாகி வேலை நின்றதாக எனக்கு ஒரு நாளும் நினைவில்லை. அழுத்தம் மிக அதிகமாக, 5 பாருக்கு மேல் இருந்தாலும் தொல்லைதான். வால்வு சட்டென்று மூடும்போது சுவருக்குள் பைப் ‘தட்’ என்று அடிக்கும். அதற்கு அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றை லைனில் போட வேண்டும்.

அந்த ஊசித்துளையைப் பற்றி இன்னொன்று. வீட்டு வேலை நடக்கும்போது பைப்புக்குள் சிமென்ட் தூசியும், பைப்பை அறுத்த பிளாஸ்டிக் துருவலும் கிடக்கும். புதுக் குழாயை நேராக மாட்டினால் முதல் நாளே அதெல்லாம் சவ்வில் போய் அடைக்கும், தண்ணீர் நிற்காமல் ஓடும். சுவரில் தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வான ஆங்கிள் காக்கைத் திறந்து ஒரு வாளியில் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை வேகமாக விட்டு லைனைக் கழுவிய பிறகுதான் குழாயை இணைக்க வேண்டும். வேலை செய்பவர் ‘அதெல்லாம் வேண்டாம்மா’ என்பார். விடாதீர்கள், பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள். குழாய்க்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வடிகட்டி வலையும் இருக்க வேண்டும்.

யாருடைய கை, எந்த இடம்

மாடலைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குழாயை அதிகம் தொடப்போகும் கையைப் பாருங்கள். எல்லாக் கைக்கும் ஒரே குழாய் ஒத்துவராது.

குளியலறை பேசினில் எங்களுக்குச் சரியாக அமைந்தது அகச்சிவப்பு சென்சார்தான். குழாயின் கழுத்தில் இருக்கும் கண்ணாடிப் பொட்டு கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும். கையில் பட்டு அது திரும்பி வந்தால் வால்வு திறக்கும். கை நடுங்கினாலும் ஒளி திரும்புகிறது, அவ்வளவு போதும். தொட்டால் திறக்கும் குழாயை இவருக்காகக் கடையில் முயன்று பார்த்தோம். நடுங்கும் கை ஒரு முறை தொடுவதாக நினைத்து மூன்று முறை தொட்டுவிடும். திறந்து, மூடி, மறுபடி திறக்கும். இவருக்கு எரிச்சல்தான் வந்தது.

அகச்சிவப்பிலும் சில தொந்தரவுகள் உண்டு. பளபளக்கும் உலோக பேசின் ஒளியைத் தானே திருப்பி அனுப்பிவிடும், ஆளில்லாமலேயே குழாய் திறக்கும். எதிரே கண்ணாடி இருந்தாலும் சில சமயம் அப்படித்தான். ஜன்னல் வெயில் நேராகப் பொட்டில் விழுந்தால் சென்சார் குழம்பும். கறுப்பு ரப்பர் கையுறை, கறுத்த பாத்திரம் போன்றவை ஒளியை விழுங்கிவிடுவதால் தண்ணீர் வராது. அதனால் தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள மாடலையே வாங்குங்கள். கடையில் கையை நீட்டிப் பார்த்ததோடு நிறுத்தாமல், ஒரு கறுப்புத் துணியைக் கையில் சுற்றியும் நீட்டிப் பாருங்கள். பேசினைத் துடைக்கும்போதெல்லாம் தண்ணீர் கொட்டாமல் இருக்க, கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் வசதியும் வேண்டும்.

சமையலறைக்கு இதே குழாயைப் போட்டுவிடாதீர்கள். பெரிய பாத்திரம் நிரப்பும்போது பல சென்சார் குழாய்கள் பாதுகாப்புக்காக ஒரு நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். சிங்க்குக்குக் குறுக்கே கையை எடுத்துப் போனால் தேவையில்லாமல் திறக்கும். இங்கே கை படக் கூடாது என்பதைவிட, அழுக்கு விரல் படக் கூடாது என்பதுதான் தேவை. தொட்டால் திறக்கும் வகைக்கு இது நல்ல இடம். மணிக்கட்டாலோ முன்கையாலோ குழாயின் உடம்பை லேசாகத் தட்டினால் போதும். என் நாத்தனாருக்கு முடக்குவாதத்தால் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோது அந்தக் குழாயை முன்கையால் தட்டித் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

இந்த வகையில் கவனிக்க வேண்டியவை: குழாயின் உடம்பே சென்சாராக வேலை செய்வதால், உலோக சிங்க்கில் பொருத்தும்போது நடுவே கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை விட்டுவிடக் கூடாது. பாத்திரங்களை அடுக்கி அவை குழாயில் சாய்ந்தால் தானாகத் திறக்கலாம். அப்புறம், பக்கத்தில் உள்ள கைப்பிடி திறந்த நிலையில் இருந்தால்தான் தொடுவது பலிக்கும். யாராவது பழக்கத்தில் கைப்பிடியை மூடிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் எத்தனை முறை தட்டினாலும் தண்ணீர் வராது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தொடுவதும் வேண்டாம் என்றால், சென்சார் வாயின் கீழே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும் மாடல் உண்டு. கையை ஒரு முறை அசைத்தால் திறக்கும், மறுபடி அசைத்தால் மூடும். குறுக்கே போகும் கைக்கு அது அவ்வளவாக ஏமாறாது.

கால் பெடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரம் வேண்டாம், குறைந்த அழுத்தத்திலும் ஓடும், இரண்டு கையும் விடுதலையாக இருக்கும். நான் மட்டும் புழங்கும் வீடாக இருந்தால் சமையலறையில் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் பெடலை மிதிக்க ஒரு காலில் நிற்க வேண்டும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கும், நடக்கும்போது தடுமாறும் வயதானவர்களுக்கும் அது விழுவதற்கு வழி. அப்படி யாராவது வீட்டில் இருந்தால் பெடல் வேண்டவே வேண்டாம்.

வெந்நீர்

இதில்தான் எனக்கு அதிகக் கவலை. சென்சார் குழாய் திறப்பதையும் மூடுவதையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். சூட்டை அது கவனிக்காது. கையை நீட்டியதும் எந்தச் சூட்டில் வருமோ அந்தச் சூட்டில் வரும். நடுங்கும் கையும் மெதுவான காலும் உள்ளவர் சட்டென்று விலக முடியாது. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் 6 விநாடியில் ஆழமான தீப்புண் உண்டாக்கும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. 66 டிகிரி என்றால் 2 விநாடியே போதும். 49 டிகிரியில் அதற்கு 5 நிமிடம் ஆகும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் சுடும்.

ஹீட்டரையே குறைத்து வைத்தால் என்ன என்று தோன்றும். நுரையீரலைத் தாக்கும் லீஜியனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தண்ணீரில் பெருகும். தேக்கி வைக்கும் ஹீட்டரில் 60 டிகிரி வைக்கச் சொல்வது அதனால்தான். ஆக, தேக்குவது சூடாகவும் குழாயில் வருவது இதமாகவும் இருக்க வேண்டும். அதற்குக் குழாய்க்குப் பக்கத்திலேயே தெர்மோஸ்டாட் மிக்சிங் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். வெந்நீரையும் குளிர்நீரையும் நாம் வைத்த சூட்டுக்குக் கலந்து விடும் வால்வு அது. குளிர்ந்த தண்ணீர் நின்றுபோனால் அது வெந்நீரையும் அடைத்துவிட வேண்டும். பொருத்தி முடித்ததும் குளிர்நீர் ஆங்கிள் காக்கை மூடிப் பாருங்கள். சில விநாடியில் தண்ணீர் நின்றால் வால்வு சரி. ஆவி பறக்க ஓடிக்கொண்டே இருந்தால் பிளம்பரை அனுப்பாதீர்கள்.

இரண்டு லைனிலும் ஒருவழி வால்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சென்சார் வால்வு இரண்டு தண்ணீரும் கலந்த பிறகு வரும் இடத்தில் இருப்பதால், குழாய் மூடியிருக்கும்போதும் அதன் பின்னால் வெந்நீரும் குளிர்நீரும் தொடர்பில்தான் இருக்கும். அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தண்ணீர் நழுவும். வேறு அறையில் குளிர்ந்த குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சென்சார் குழாய் என்றாலே சுத்தம் என்று நானும் நம்பியிருந்தேன். 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை தன் குழாய்களைச் சோதித்ததில், சென்சார் குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் சுமார் 50 சதவீதத்தில் லீஜியனெல்லா வளர்ந்தது. கையால் திருகும் குழாய்களில் 15 சதவீதம்தான். வால்வுக்குள் இருக்கும் பல சின்னப் பாகங்கள் கிருமி ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன என்று அவர்கள் கருதினார்கள், நோயாளிகள் இருக்கும் பகுதிகளில் சாதாரணக் குழாய்க்கே திரும்பினார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் உள்ள ஒரு மருத்துவமனையின் கவலை அது. வீட்டில் சென்சாரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், ஒவ்வொரு குழாயையும் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு புழங்குங்கள். முகத்துக்கு நேராகத் தெறிக்கும்படி நிற்காதீர்கள். விருந்தினர் அறை மாதிரி அபூர்வமாகப் புழங்கும் இடத்துக்குச் சாதாரணக் குழாயே நல்லது.

டிஜிட்டல் ஷவர்

இது இரண்டு துண்டாக வரும். சுவரில் தெரிவது பொத்தான் பலகை. தண்ணீரைக் கலக்கும் பெட்டி வேறெங்கோ, சீலிங்கிலோ அலமாரிக்குள்ளோ இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது, பலகையைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில், அறைக்குள் நுழையும் வழியிலேயே வைக்கலாம் என்பது. 38 டிகிரி என்று வைத்து அழுத்திவிட்டு, எண் ஏறிய பிறகு இவரை உள்ளே அழைத்துப் போகிறேன். குளிர்ந்த தண்ணீர் முதுகில் அடித்து உடம்பு தூக்கிப்போடும் பயம் இல்லை.

பலகை கண்ணாடித் தொடுதிரையாக வேண்டாம். சோப்பு நுரையோடு ஈர விரல் பட்டால் அது தடுமாறும், நடுங்கும் விரலுக்கு இன்னும் மோசம். அழுத்தினால் உள்ளே போய்ச் ‘சொடக்’ என்று விரலுக்குத் தெரியும் பெரிய பொத்தான் இருக்கட்டும். சூட்டைச் சிவப்பு, நீல விளக்கால் மட்டும் காட்டாமல் எண்ணாகக் காட்ட வேண்டும். கலக்கும் பெட்டியை டைல்ஸுக்குப் பின்னால் வைத்து மூடிவிடாதீர்கள். கை நுழைந்து கழற்றும் அளவுக்கு ஒரு கதவு, பெட்டிக்கு முன்னால் தனியாக மூடும் வால்வுகள், இரண்டும் கட்டாயம். மின்சாரம் போனால் இந்த ஷவர் ஓடாது. அதே அறையில் கையால் திறக்கும் குழாய் ஒன்று தனி லைனில் இருக்கட்டும்.

மின்சாரமும் வைஃபையும்

பேட்டரி மாடல் என்றாலும் சுவரை உடைத்திருக்கும்போதே பேசினுக்குக் கீழே வரை மின்கம்பி போக ஒரு பைப்பை ஓட்டி வைத்துவிடுங்கள். பிறகு அடாப்டருக்கு மாற நினைத்தால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்காது. சாக்கெட் தண்ணீர் பைப்புகளுக்கு மேலே இருக்கட்டும், கசிந்தால் அதில் சொட்டக் கூடாது. ஷவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று மின் விதிகள் உண்டு, அதை எலக்ட்ரீஷியன் முடிவு செய்யட்டும். மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத லைனில் எதையும் மாட்டாதீர்கள். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் குறியீட்டையும் பெட்டியில் பாருங்கள்: தெறிக்கும் இடத்துக்கு ஐபிஎக்ஸ்4 (IPX4), பீய்ச்சி அடிக்கும் இடத்துக்கு ஐபிஎக்ஸ்5 (IPX5).

பேட்டரி தீரும்போது குழாய் எந்த நிலையில் நிற்கும் என்று கடையில் கேளுங்கள். இந்த வால்வு ஒரு முறை திறந்தால், மூடச் சொல்லி அடுத்த துடிப்பு வரும் வரை திறந்தே இருக்கும். நல்ல மாடல், சார்ஜ் இறங்கும்போதே விளக்கு மினுக்கி, மூடிய பிறகுதான் அடங்கும். கையால் திறக்க ஒரு வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். தண்ணீர் ஓடும் வேகத்தில் தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் மாடல்களும் இருக்கின்றன. நாள் முழுக்கப் புழங்கும் பேசினுக்கு அவை பொருந்தும்.

குரலுக்குத் திறக்கும் குழாய், போனில் திறக்கும் குழாய் எல்லாம் எனக்கு அவ்வளவாக மனம் ஒட்டவில்லை. ‘அரை லிட்டர் விடு’ என்றால் அளந்து விடுவது நல்ல வசதிதான். ஆனால் இணையம் நின்றாலும் கையால் திறக்குமா, ஆப் இல்லாமலே பொருத்தி ஓட்ட முடியுமா என்ற இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தப் பணத்துக்குக் கசிவைக் கண்டுபிடித்து மெயின் லைனை மூடும் கருவி ஒன்றை வாங்குவது எனக்கு மேலாகப் படுகிறது.

தண்ணீர் மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு: சோப்புப் போட்டுத் தேய்க்கும் 20 விநாடியும் குழாய் நின்றிருந்தால், நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் குழாயில் 2 லிட்டர் மிச்சம். அதே சென்சார் ஆள் கடந்து போகும்போதெல்லாம் திறந்தால் மிச்சம் வீணாகும். குழாயின் வாயில், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் சல்லடையான ஏரேட்டரையும் பாருங்கள். தண்ணீரை மிச்சப்படுத்தும் பொருளுக்குத் தரும் அமெரிக்காவின் வாட்டர்சென்ஸ் முத்திரை பெற, பேசின் குழாய் நிமிடத்துக்கு 5.7 லிட்டரைத் தாண்டக் கூடாது, அங்கே சாதாரணக் குழாய்க்கு 8.3 வரை விடுவார்கள்.

பில் போடும் முன் இன்னும் சில: உங்கள் பேசின் துளை எத்தனை மில்லிமீட்டர் (ஒற்றைக் குழாய்க்குப் பெரும்பாலும் 35), கீழே கட்டுப்பாட்டுப் பெட்டி உட்கார இடம் உண்டா, சொலினாய்டும் சென்சாரும் தனித்தனியாக உதிரிப் பாகமாகக் கிடைக்குமா. தூண் மாதிரிக் கால் வைத்த பேசினில் பெட்டிக்கு இடமே இருக்காது. எல்லாம் ஒன்றாக ஒட்டி மூடிய மாடல் என்றால், ஒரு ரப்பர் போனாலும் முழுக் குழாயையும் மாற்ற வேண்டியிருக்கும்.

உப்புத் தண்ணீர் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வடிகட்டி வலையையும் ஏரேட்டரையும் கழற்றிக் கழுவ வேண்டும். சென்சார் பொட்டை மெல்லிய ஈரத் துணியால் மட்டும் துடையுங்கள், அமில கிளீனர் பட்டால் மங்கிவிடும். எங்கள் பேசின் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பேட்டரி மாற்றிய தேதி, வலை கழுவிய தேதி, மாடல் எண், எந்த ஆங்கிள் காக் வெந்நீர், எது குளிர்நீர், குழாய் நிற்காமல் ஓடினால் எதை எந்தப் பக்கம் திருக வேண்டும். எழுத்து பெரிதாக, அம்புக்குறி போட்டு. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் இவர் அதைப் பார்த்து வலம் திருப்பி மூடியிருக்கிறார்.